பாதிக் கோபுரத்தில் ஒரு மாப்பிள்ளை

எனக்கு உயரம் என்றால் பயம். இந்த நான்கு சொற்களை வெளிப்படையாக எழுத எனக்கு நாற்பத்திரண்டு வயது ஆகியிருக்கிறது. (இப்போதும் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து முறைப்பதால்தான் எழுதுகிறேன்.) சாதாரணப் பயமும் இல்லை. பல்பு மாற்ற ஏணியில் மூன்றாவது படி ஏறினால் என் முழங்கால்கள் என்னைக் கேட்காமல் தனியாக முடிவெடுக்கும். கோல்டன் கேட் பாலத்தில் கார் ஓட்டும்போது நடு லேனை விட்டு அசைய மாட்டேன், கீழே கடல் இருப்பதாகவே ஒப்புக்கொள்ள மாட்டேன். ஃப்ரீமான்ட்டில் வீடு தேடியபோது ஏஜென்ட் "வியூ சூப்பரா இருக்கும்" என்று காட்டிய மலைச்சரிவு வீடுகள் அத்தனையையும் வாஸ்து சரியில்லை என்று தள்ளிவிட்டேன். எனக்கு வாஸ்துவில் அ, ஆ கூடத் தெரியாது.

பயப்படுவது குற்றமில்லை. அதை மறைத்துக் கல்யாணம் பண்ணிக்கொண்டதுதான் குற்றம். வரன் பார்க்கும் வெப்சைட்டில் எனக்கான பக்கத்தை எழுதியவள் என் அக்கா. பொழுதுபோக்கு என்ற இடத்தில் "மலையேற்றம்" என்று போட்டாள். "எதுக்குக்கா?" என்று கேட்டேன். "பின்னே தூங்கறதுன்னா போட முடியும்?" என்றாள். போதாக்குறைக்கு யோசெமிட்டி மலைப் பகுதியில் எடுத்த ஃபோட்டோ ஒன்றையும் சேர்த்தாள். பின்னால் பிரம்மாண்டமான பாறை, முன்னால் இடுப்பில் கை வைத்து நான். உண்மையில் நான் நின்றுகொண்டிருந்தது கார் பார்க்கிங்.

அந்த ஃபோட்டோவை என் மாமனார் ஈரோட்டில் கல்யாணம், காதுகுத்து, வங்கி வரிசை என்று ஓர் இடம் விடாமல் காட்டினார். "பின்னால தெரியுது பாருங்க, அந்த மலைய ஏறுனவருங்க நம்ம மாப்ள." நான் மறுக்கவில்லை. மறுக்காதது மட்டுமில்லை, ஒரு தடவை "மேல கொஞ்சம் குளிருங்க மாமா" என்றுகூடச் சொல்லிவைத்தேன்.

இதில் ஆபத்தான ஆள் மாமியார்தான். மாதம் தவறாமல் சென்னிமலைக்குப் படியேறிப் போகிறவர். பஸ் போகும் பாதை இருந்தாலும் பஸ்ஸில் ஏற மாட்டார். தனக்கு ஒரு ஜோடி வாய்த்துவிட்டது என்று அவருக்கு அவ்வளவு சந்தோஷம். "ஒரு நாளைக்கு நாம ரெண்டு பேரும் சேர்ந்து ஏறோணுமுங்க மாப்ள" என்பார். நான் இந்தியா போகும்போதெல்லாம் எனக்குச் சரியாக அந்த வாரம் கணுக்கால் சுளுக்கிக்கொள்ளும்.

இப்படிக் கல்யாணமாகி நான்கு வருடங்கள் ஓடின. குழந்தை இல்லை. லிவர்மோர் கோயிலில் பொங்கல் வாங்க வரிசையில் நின்றாலும் சரி, யார் வீட்டுப் பிறந்தநாளுக்குப் போனாலும் சரி, ஏதாவது ஓர் ஆன்ட்டி என் மனைவி வித்யாவின் காதோரம் குனிந்து "ஏதாச்சும் விசேஷம் உண்டா?" என்று கேட்டுவிடுவார். கேட்காத ஒரே ஆள் என் மாமியார். ஞாயிற்றுக்கிழமை தோறும் ஃபோனில் மழை பெய்ததா, என்ன குழம்பு, ஆபீஸ் எப்படி என்று எல்லாம் விசாரிப்பார். அப்புறம் ஒரு நொடி சும்மா இருப்பார். அப்புறம் "சரி கண்ணு, வெக்கறேன்" என்பார்.

"அம்மா கேட்டாக்கூடப் பரவால்லடா. கேக்காம இருக்காங்க பாரு, அதுதான் கஷ்டமா இருக்கு" என்று வித்யா ஒருநாள் பாத்திரம் தேய்த்துக்கொண்டே சொன்னாள். (என் மனைவி தன் பெற்றோர் முன்னால் என்னை "வாங்க, போங்க" என்பாள். மற்ற நேரங்களில் "டா".)

ஐந்தாவது வருடம் விசேஷம் வந்தது. மூன்று மாதம் முடியும்வரை யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று முடிவு செய்தோம். அதற்குள் வேறொரு ஏற்பாடு நெருங்கிவிட்டது. மாமனார் ரிடையர் ஆனதைக் கொண்டாட அவர்கள் கோவையிலிருந்தும் நாங்கள் சான் பிரான்சிஸ்கோவிலிருந்தும் கிளம்பி, பிராக் நகரத்தில் சந்தித்து ஒரு வாரம் சுற்றுவதாகத் திட்டம். கிளம்புவதற்கு முந்தின நாள்தான் ஸ்கேன். எல்லாம் நல்லபடியாக இருந்தது. கையில் ஒரு சின்ன கறுப்பு வெள்ளைப் படம் கொடுத்தார்கள்.

வித்யா தொழிலில் ப்ராஜெக்ட் மேனேஜர். விமானத்திலேயே திட்டம் போட்டுவிட்டாள். பிராக்கில் பெட்ரின் என்று ஒரு குன்று. அதன் உச்சியில் ஊரைப் பார்க்க ஒரு இரும்புக் கோபுரம், ஈஃபில் கோபுரத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி இருக்கும். அதன் மேல்தளத்தில், ஊர் முழுக்கக் காலடியில் கிடக்க, அம்மா கையில் அந்தப் படத்தைக் கொடுக்க வேண்டும். "அம்மா நாலு வருஷமா வாயே திறக்கலடா. அந்த முகம் எப்படி மாறுதுன்னு நான் பாக்கணும்" என்றாள். என் வேலை இரண்டே இரண்டு. படம் இருக்கும் கவரை பத்திரமாக மேலே கொண்டுவருவது, அம்மாவின் முகத்தை வீடியோ எடுப்பது. அவள் ஃபோனில்தான் காமிரா நன்றாக இருக்கும் என்று அதையும் என்னிடம் கொடுத்துவிட்டாள்.

இரண்டாம் நாள் காலை குன்றின் மேல் போய்ச் சேர்ந்தோம், கம்பியால் இழுக்கும் ஒரு சின்ன ரயிலில். வித்யா காபி வேண்டாம் என்றதும், முட்டை வேண்டாம் என்றதும் ஜெட் லேக் கணக்கில் போயின. (ஜெட் லேக் என்று சொல்லி எதை வேண்டுமானாலும் மறைக்கலாம்.) கோபுரத்தை அண்ணாந்து பார்த்தேன். இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது படிகளாம், செருப்புக் கடை விலை மாதிரி. படிகளைச் சுற்றிச் சுவர் என்று ஒன்று கிடையாது. குறுக்கும் நெடுக்குமாக இரும்பு, நடுநடுவே வானம்.

லிஃப்டும் இருந்தது. மாமனாருக்கு முழங்கால் வலி, எனவே லிஃப்ட். அவருக்குத் துணை என்று சொல்லி வித்யாவும் லிஃப்ட். மாமியார் அந்தப் பெட்டியை ஏற இறங்கப் பார்த்தார். "படி இருக்கறப்ப பொட்டிக்குள்ள எதுக்குங்க? நானும் மாப்ளையும் நடந்தே வந்தர்றோம்."

வித்யாவுக்கு என் கோல்டன் கேட் பாலத்து விஷயம் தெரியும். என்னைத் தனியாக இழுத்து, "நிஜமா சொல்றேன், நீயும் லிஃப்ட்ல வந்துடு" என்றாள்.

அந்த இடத்தில் "சரி" என்று சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. ஆனால் மாமனார் பக்கத்தில் நின்றிருந்த முன்பின் தெரியாத ஒரு ஜெர்மன்காரரிடம் அந்த யோசெமிட்டி ஃபோட்டோவைக் காட்டிக்கொண்டிருந்தார். "இதெல்லாம் ஒரு உயரமா?" என்றேன் நான்.

மாமியார் சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகினார். காலில் புத்தம்புது வெள்ளை ஷூ, தலையில் மஃப்ளர். "முருகா" என்று முதல் படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கிளம்பினார். ஏறுவதற்கு ஒரு படிவரிசை, இறங்குவதற்குத் தனியாக இன்னொன்று. அதாவது ஏற ஆரம்பித்துவிட்டால் மேலே போய்த்தான் இறங்க முடியும். இந்தத் தகவல் எனக்கு நாற்பதாவது படியில்தான் உறைத்தது.

எண்பது வரைக்கும் மாமியாரின் ஷூ குதிகாலை மட்டும் பார்த்துக்கொண்டு ஏறினேன். நூறில் தெரியாத்தனமாகப் பக்கவாட்டில் பார்த்துவிட்டேன். மர உச்சிகள் எனக்குக் கீழே இருந்தன. மரத்தின் உச்சியைக் கீழே பார்க்கும் நிலைமை ஒரு மனிதனுக்கு வரக்கூடாது. நூற்று முப்பதிலோ என்னவோ காற்று அடித்தது. கோபுரம் லேசாக, மிக லேசாக, அசைந்தது. நான் அப்படியே உட்கார்ந்து பக்கத்திலிருந்த இரும்புத் தூணை இரண்டு கைகளாலும் கட்டிக்கொண்டேன்.

மாமியார் பத்துப் படி இறங்கி வந்தார். "என்னாச்சுங்க மாப்ள? மூச்சு வாங்குதுங்களா?"

"இல்லீங்க அத்தை, ஷூ லேஸ்."

அவர் என் ஷூவைப் பார்த்தார். அதில் லேஸே இல்லை.

"ஆபீஸ் கால் ஒண்ணு வருதுங்க. நீங்க முன்னால போங்க."

"உங்கள உட்டுப்போட்டு நான் எப்படிப் போறது? பேசுங்க, நான் நிக்கறேன்."

ஃபோனைக் காதில் வைத்து இல்லாத மேனேஜரிடம் "யெஸ், யெஸ், ஷ்யூர்" என்று ஒரு நிமிடம் பேசினேன். கலிஃபோர்னியாவில் எல்லாரும் போர்வைக்குள் இருக்கும் நேரம் அது. எங்களைத் தாண்டி ஆட்கள் ஏறிக்கொண்டே இருந்தார்கள். ஒரு வயதான தம்பதி, கைத்தடியோடு, என்னைப் பார்த்து அனுதாபமாகப் புன்னகைத்துவிட்டு ஏறினார்கள். இன்னொரு காற்று வந்தது. தூண் என் கன்னத்தில் நடுங்கியது, அல்லது கன்னம் தூணில் நடுங்கியது. எனக்குத் தேவைப்பட்டதெல்லாம் உயரத்தோடு சம்பந்தமில்லாத, கௌரவமான, மாமியார் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொள்ளும் ஒரு காரணம். மூளை கிடைத்ததை எடுத்துக் கொடுத்தது.

"அத்தை, நான் மலை ஏறக்கூடாதுங்க."

எங்கள் பக்கத்தில் ஓர் ஆண்பிள்ளை மலை ஏறக்கூடாது என்றால் அதற்கு இரண்டே காரணம்தான். ஒன்று, வீட்டில் சாவு விழுந்து வருஷம் திரும்பாமல் இருக்க வேண்டும். இல்லையென்றால், பெண்டாட்டி முழுகாமல் இருக்க வேண்டும். மாப்பிள்ளை ஒரு பயந்தாங்கொள்ளி என்கிற மூன்றாவது காரணம் வழக்கத்தில் இல்லை.

மாமியார் முதல் காரணத்தைப் பிடித்துக்கொண்டார். "அய்யோ சாமி! ஊர்ல யாருக்குங்க? அப்பாவுங்களா?"

"இல்லீங்க அத்தை..."

"அம்மாவா? போன வாரந்தானுங்களே போன்ல பேசுனாங்க! நல்லாத்தான பேசுனாங்க! இத்தனையும் மனசுல வெச்சுட்டா எங்களுக்கு ஊர் சுத்திக் காட்டறீங்க?" நெஞ்சில் கை வைத்து அழவே ஆரம்பித்துவிட்டார். சத்தமாக, எங்கள் ஊர் சத்தம். மேலே ஏறிக்கொண்டிருந்த ஆட்கள் நின்று எட்டிப் பார்த்தார்கள்.

"யாருக்கும் ஒண்ணும் ஆகலைங்க அத்தை!" என்று நானும் கத்தினேன். "அப்பா, அம்மா, அக்கா, மாமா, பங்காளி வீடு வரைக்கும் எல்லாரும் கல்லுக்குண்டு மாதிரி இருக்காங்க! எங்க வீட்ல சாவே இல்லீங்க!"

அழுகை நின்றது. அப்பாடா என்று மூச்சு விட்டேன். விட்ட பிறகுதான் புரிந்தது, முதல் காரணத்தை என் வாயாலேயே அடித்துவிட்டேன் என்று. மிச்சமிருப்பது ஒன்றுதான்.

"அப்ப..." என்றார் மாமியார்.

நான் பேசவில்லை. சத்தியமாகப் பேசவில்லை. ஆனால் அவர் "நெசமாங்களா?" என்று கேட்டபோது என் தலை தானாக ஆடியது. (காற்றில் ஆடியது என்று பிற்பாடு வாதாடிப் பார்த்தேன். எடுபடவில்லை.)

அவர் அந்த இரும்புப் படியிலேயே என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். முதலில் முகத்தில் ஒன்றுமே இல்லை, கேட்டது உள்ளே போய்ச் சேரவில்லை போல. அப்புறம் கீழுதடு நடுங்கியது. மஃப்ளரின் நுனியை எடுத்து வாயில் அழுத்திக்கொண்டார். சிரிக்கிறார், ஆனால் சத்தம் வரவில்லை. என் அப்பாவின் சாவுக்காக வந்த கண்ணீர் காயாமல் அங்கேயே இருந்தது, அதையே இதற்கும் உபயோகித்துக்கொண்டார். என் கையைத் தூணிலிருந்து பிரித்தெடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டு, "நாலு வருசமுங்க மாப்ள. ஒருக்காகூட நான் கேக்கலீங்க" என்றார். அந்த இரண்டு நிமிடம் எனக்கு உயரம் மறந்துபோயிருந்தது.

அதற்குள் அவர் சுதாரித்துவிட்டார். "உங்களுக்கு அறிவிருக்குங்களா?" (எங்கள் பக்கத்தில் திட்டுவதற்கும் "ங்க" உண்டு.) "புள்ளத்தாச்சிக்காரி புருசன் மலை ஏறலாமுங்களா?"

"இது வெளிநாட்டு மலைதானுங்களே..."

"எந்த நாடா இருந்தா என்ன? எந்திரிங்க. இப்பவே எறங்கோணும்."

ஏறும் வழியில் இறங்க முடியாதே என்றேன். முடியும் என்று காட்டினார். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, எதிரே வருகிறவர்களிடமெல்லாம் "வழி உடுங்க, வழி உடுங்க, மாப்ள மேல ஏறக்கூடாதுங்க" என்று சுத்தமான ஈரோட்டுத் தமிழில் அறிவித்தபடி இறங்கினார். ஐரோப்பா மறுபேச்சில்லாமல் ஒதுங்கி நின்றது. நான் கண்ணை மூடிக்கொண்டு பின்னாலேயே வந்தேன். மலையேறிய மாப்பிள்ளையை மாமியார் தரதரவென்று இழுத்துவந்து தரையில் சேர்த்தார்.

கீழே பெஞ்சில் உட்கார்ந்ததும்தான் அவருக்கு மகள் ஞாபகம் வந்தது. எதற்காக மேலே வரச் சொன்னாள், என் சட்டைப் பையில் துருத்திக்கொண்டிருக்கும் கவர் என்ன என்பதெல்லாம் அவருக்கு யாரும் சொல்லாமலே விளங்கிவிட்டது. "நீங்க எங்கிட்ட ஒண்ணும் சொல்லலீங்க. நான் ஒண்ணும் கேக்கலீங்க. அவ வாயால சொல்லட்டும். நான் இப்பத்தான் கேக்கற மாதிரி இருந்துக்கறேன்" என்றார்.

மேல்தளத்தில் வித்யா முக்கால் மணி நேரமாகக் காற்றில் நின்றிருக்கிறாள். அவள் ஃபோன் என்னிடம். மாமனார் ஃபோனில் அந்த ஊர் சிம் கிடையாது. படியிலிருந்து வெளிப்பட்ட ஒவ்வொரு தலையையும் பார்த்துப் பார்த்துக் கடைசியில் பயந்துபோய் லிஃப்டில் இறங்கி வந்தாள். முகம் வெளுத்திருந்தது. "என்னடா ஆச்சு?" என்றாள், அப்பா அம்மா முன்னாலேயே.

"எனக்குத்தான் கண்ணு, பாதியில தலை சுத்திருச்சு" என்று முந்திக்கொண்டார் மாமியார். "மாப்ளதான் பாவம், கைத்தாங்கலா எறக்கிக் கூட்டிட்டு வந்தாரு." சென்னிமலையில் ஒரு தடவைகூட உட்காராமல் ஏறுகிற பெண்மணி. எனக்காகத் தன் மொத்த மானத்தையும் அந்த பெஞ்சில் வைத்துவிட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன், அடக்கத்தினால் என்று மாமனார் நினைத்தார்.

வித்யாவுக்குப் போன உயிர் வந்தது. மேல்தளம் போனால் போகட்டும், இங்கேயே சொல்லிவிடலாம் என்று முடிவு செய்து எனக்குக் கண் காட்டினாள். நான் கவரைக் கொடுத்துவிட்டு வீடியோவை ஓடவிட்டேன்.

"அம்மா, அப்பா, உங்ககிட்ட ஒரு..."

"அய்யோ என்ற தங்கமே!" என்று மாமியார் பாய்ந்து அவளைக் கட்டிக்கொண்டு விட்டார்.

கவர் இன்னும் பிரிக்கப்படவில்லை. மாமனார், மனைவிக்குத் தலைசுற்றல் முற்றிவிட்டது என்று பதறி, பாட்டில் தண்ணீரைத் திறந்து அவர் முகத்தில் தெளித்தார். ஒருவழியாகப் படம் மாமனார் கைக்கு வந்ததும் அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, "இது யாரோட எக்ஸ்ரே?" என்றார். புரிந்ததும் நாலு எட்டு நடந்து, ஒரு ரோஜாச் செடியைப் பார்த்தபடி முதுகைக் காட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

அன்று சாயங்காலம் ஹோட்டல் அறையில் வித்யா அந்த வீடியோவை மூன்று தடவை போட்டுப் பார்த்தாள். மூன்றாவது தடவை நிறுத்திவிட்டு, என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "எத்தனாவது படியில சொன்ன?" என்று கேட்டாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். தூண், ஷூ லேஸ், என் அப்பாவின் சாவு, எல்லாம். பாதியில் சிரித்துவிடுவாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. "அந்த முகத்தை நான்தான்டா முதல்ல பாக்கணும்னு நாலு வருஷமா காத்துட்டு இருந்தேன். அதை நீ பாத்துட்ட" என்றாள். என் வாழ்க்கையில் நான் செய்த சொதப்பல்களில் இன்றுவரை வலிக்கிற சொதப்பல் அது ஒன்றுதான். மேலே போய் மயங்கி விழுந்திருந்தால்கூட இதைவிட மேல்.

மகளுக்கு இப்போது ஏழு வயது. எங்கள் வீட்டில் "அப்பா மலை ஏறக்கூடாது" என்றால் எந்த வேலையிலிருந்தும் நழுவுவது என்று அர்த்தம். பாத்திரம் தேய்க்காமல் நான் சோஃபாவில் சாய்ந்தாலே அவள் அதைச் சொல்வாள், அந்த ஒரு வரியை மட்டும் சுத்தமான தமிழில். மாமனார் யோசெமிட்டி ஃபோட்டோவை இன்னும் எல்லாருக்கும் காட்டுகிறார், இப்போது "அந்த மலைய ஏறாதவருங்க நம்ம மாப்ள" என்று கதையை மட்டும் மாற்றிவிட்டார்.

மகளின் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் கேக் வெட்டி முடித்ததும் ஈரோட்டுக்கு வீடியோ கால் போடுவோம். வித்யா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து "சொல்லு" என்பாள். என் அவமானத்தைத் தாண்டி நேராக மாமியாரின் முகத்துக்குப் போகப் பார்ப்பேன். "நோ டாடி, ஃபர்ஸ்ட் யூ ஹக்டு த போல்" என்று மகள் பிடித்துக்கொள்வாள். தூணிலிருந்துதான் தொடங்க வேண்டும். கீழுதடு நடுங்கும் இடத்தை, மஃப்ளர் நுனியை வாயில் அழுத்தும் இடத்தை, சத்தமில்லாத அந்தச் சிரிப்பை, என்னால் முடிந்த மட்டும் ஒன்றும் விடாமல் சொல்வேன். வித்யா கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள்.

இந்த வருடம் பிள்ளைகள் கூச்சலில் பாதி காதில் விழவில்லை. அவசரமாகச் சொல்லி முடித்துவிட்டேன். ஃபோனுக்குள்ளிருந்து மாமியார் விடவில்லை.

"மாப்ள, அந்த மூஞ்சிய மட்டும் இன்னொருக்கா மெதுவா சொல்லுங்க. நானும் அதப் பாத்ததில்லீங்களே."